நரம்பு ஊசியும் ஒத்தைத் தலைவலியும்

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். நான் டாக்டர் இல்லீங்க, கணக்கு எழுதிப் பொழைக்கிறவன். கீழ வர்றது வைத்தியக் குறிப்பு இல்லை, சரித்திரக் குறிப்பு. டாக்டர் பதிவர்கள் யாராச்சும் படிச்சு, தப்பு கண்ணுல பட்டா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கிறேன். தலையில மட்டும் குட்டாதீங்க, இந்த வீட்ல ஏற்கனவே ஒரு தலை வலிச்சுக்கிட்டுத்தான் இருக்கு :-)

அந்தத் தலை தங்கமணியோடது. கல்யாணமான புதுசுலயே தெரியும், மாசத்துக்கு ரெண்டு தடவை ஒத்தைத் தலைவலி வரும். ஜன்னலைச் சாத்தி, மிக்சி ஓடாம, தாளிப்பு வாசனை வராம பார்த்துக்கிட்டா ஒரு நாள்ல போயிடும். போன வருஷம் ஒரு தடவை வந்தது மூணு நாள் ஆகியும் போகலை. குடிச்ச தண்ணி உட்பட எல்லாத்தையும் வாந்தி எடுத்தாச்சு. மூணாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோ பிடிச்சு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ட்யூட்டி டாக்டர் கண்ணுல டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "ட்ரிப்ஸ் போட்டுடலாம்"னார்.

சிஸ்டர் கையத் தட்டித் தட்டிப் பார்த்தாங்க. ரெண்டு இடத்துல குத்தி, "நரம்பே கிடைக்க மாட்டேங்குதே"ன்னு அலுத்துக்கிட்டாங்க. மூணாவது தடவைதான் வென்ஃப்ளான் ஏறுச்சு. நம்ம ஊர்ல ரத்தக்குழாய்க்கும் நரம்புன்னுதான் பேரு. நரம்பு ஊசி, நரம்புல ஏத்துறது, நரம்பு பொடைச்சுக்குது, எல்லாமே ரத்தக்குழாய்தான். பாடப்புத்தகத்துல சிரைன்னு படிச்சோம், பரீட்சையோட அதை அங்கயே விட்டுட்டு வந்துட்டோம். ஆனா ஒத்தைத் தலைவலி விஷயத்துல உலகத்து டாக்டர்களும் பல வருஷம் இதே குழப்பத்துலதான் இருந்தாங்க. வலி ரத்தக்குழாய்ல இருந்து வருதா, நரம்புல இருந்து வருதான்னு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

ட்ரிப்ஸ் சொட்டிக்கிட்டு இருந்தது. பக்கத்து பெட்காரர் "குளுக்கோஸ் ஏத்துறாங்களா?"ன்னு கேட்டார். பாட்டில்ல படிச்சேன், சோடியம் குளோரைடு 0.9 சதவீதம். உப்புத் தண்ணி! அதுக்குள்ள வாந்தி நிக்கிற மருந்தையும் வலி மருந்தையும் சிஸ்டர் ஏத்திட்டுப் போனாங்க. முக்கால் மணி நேரம். மூணு நாளா கண்ணே திறக்காதவ, கண்ணத் திறந்து, "ஏங்க, வீட்ல பால் வாங்கி வச்சீங்களா?"ன்னு கேட்டா. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அந்த அர்த்த ராத்திரியில ப்ளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து சொட்டை எண்ணிக்கிட்டு இருந்தப்ப வந்த கேள்விதான் இந்தப் பதிவு. தலைவலிக்கு மருந்தைக் கைல இருக்கிற குழாய்ல ஊத்தலாம்னு மொதல்ல எவனுக்குத் தோணிச்சு? அதுக்கப்புறம் ரெண்டு மாசம், ராத்திரி ராத்திரி தேடித் தேடிப் படிச்சேன்.

மொதல் ஆள் டாக்டரே இல்லை. கிறிஸ்டோபர் ரென். லண்டன்ல செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டினாரே, அதே கட்டிடக்கலை மேதை. அதுக்கெல்லாம் முன்னாடி ஆக்ஸ்போர்டுல இளவட்டமா சுத்திக்கிட்டு இருந்த காலம். ரத்தம் உடம்பு முழுக்க சுத்தி வருதுன்னு வில்லியம் ஹார்வி 1628-ல புத்தகம் போட்டாச்சு. சுத்தி வருதுன்னா, ஒரு இடத்துல மருந்தை விட்டா எல்லா இடத்துக்கும் போகணுமே? 1656-ல ரென் ஒரு நாயைப் பிடிச்சு, அதோட காலைக் கீறி ரத்தக்குழாயைத் திறந்து, அபினை வைன்ல கரைச்சு உள்ள விட்டார். ஊசி அப்ப கிடையாது. பறவை இறகோட குழல்தான் ஊசி, மிருகத்தோட மூத்திரப்பைதான் மருந்துப்பை. பக்கத்துல வேதியியல் புகழ் ராபர்ட் பாயில். கட்டை அவிழ்த்த உடனே நாய் கிறுகிறுத்து விழுந்திருக்கு. செத்துடுமேன்னு அதைத் தோட்டத்துல சாட்டையால அடிச்சு அடிச்சு நடக்க விட்டு, தூங்க விடாம காப்பாத்தியிருக்காங்க. நாய் பொழைச்சது. அதுக்கப்புறம் நல்லா கொழுத்து வளர்ந்ததாவும் பாயில் எழுதி வச்சிருக்கார்.

ஆக, நரம்பு ஊசியில போன முதல் மருந்துகள்ல ஒண்ணு வலி மருந்து. இது எனக்கு ஆச்சரியமா இருந்தது. ஆனா மனுஷங்களுக்கு இது பழக்கத்துக்கு வர இன்னும் ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆச்சு.

இடையில வந்தது காலரா. 1831-ல இங்கிலாந்துக்குள்ள காலரா புகுந்தது. வில்லியம் ப்ரூக் ஓஷாக்னெஸின்னு ஒரு ஐரிஷ்கார இளைஞர், வயசு இருபத்திச் சொச்சம். காலரா நோயாளிகளோட ரத்தத்தை ஆராய்ஞ்சு, இதுல தண்ணியும் உப்பும் போயிடுச்சு, போனதைத் திரும்பக் குடுக்கணும்னு எழுதினார். எழுதினதோட சரி. செஞ்சு பார்த்தவர் ஸ்காட்லாந்துல லீத் ஊர் டாக்டர் தாமஸ் லாட்டா. 1832 மே மாசம். எல்லா வைத்தியமும் பார்த்து கைவிட்ட ஒரு வயசான அம்மாவோட கை ரத்தக்குழாய்ல வெள்ளிக் குழாயைச் செருகி, உப்புத் தண்ணியை விட்டார். மொதல்ல ஒண்ணும் நடக்கலை. விட்டுக்கிட்டே இருந்தார். ஆறு பைண்ட், கிட்டத்தட்ட மூணு லிட்டர். குழி விழுந்த கண்ணு தெளிஞ்சு, விட்டுப்போன நாடி திரும்ப வந்து, அந்தம்மா தெளிவாப் பேசி, கொஞ்சம் தமாஷ் கூடப் பண்ணி, இனிமே தூங்கினாப் போதும்னுட்டாங்களாம்.

லாட்டாவுக்கு சந்தோஷம். ஆஸ்பத்திரி டாக்டர் கைல ஒப்படைச்சுட்டு ஓய்வெடுக்கப் போனார். திரும்பவும் வாந்தி பேதி ஆரம்பிச்சிருக்கு. யாரும் மறுபடி தண்ணி ஏத்தலை. அஞ்சரை மணி நேரத்துல அந்தம்மா இறந்துட்டாங்க. ஒரு தடவை ஏத்தினா போதாது, போகப் போக ஏத்தணும்கிற பாடம் அன்னிக்கே இருந்தது. அப்புறம் லாட்டா சில பேரைக் காப்பாத்தவும் செஞ்சார். 1833-ல அவரே போய்ச் சேர்ந்துட்டார், காலராவும் ஓய்ஞ்சுது, உப்புத் தண்ணியைப் பல வருஷம் பெரும்பாலானவங்க மறந்தே போனாங்க. இப்ப ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி தொங்குற பாட்டில் அது.

ஓஷாக்னெஸி கதைதான் சுவாரஸ்யம். அவர் 1833-ல கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குக் கல்கத்தா வந்துட்டார். இங்க வந்து என்ன பண்ணார்? நம்ம வைத்தியர்கள் கிட்ட கஞ்சாவைப் பத்திக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, பிராணிகளுக்கும் நோயாளிகளுக்கும் குடுத்துப் பார்த்து, 1839-ல கட்டுரை எழுதினார். மேற்கத்திய வைத்தியத்துக்குள்ள கஞ்சா நுழைஞ்சது அந்த வழியாத்தான். 1892-ல வில்லியம் ஆஸ்லர் எழுதின பிரபலமான பாடப்புத்தகத்துல ஒத்தைத் தலைவலிக்குக் கஞ்சா சிபாரிசு இருக்கு. ட்ரிப்ஸுக்கு யோசனை சொன்ன அதே ஆள்தான் தலைவலிக்கும் ஒரு மருந்தை ஏற்றுமதி பண்ணியிருக்கார். அதோட விட்டாரா, 1850-கள்ல இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டதும் இவரேதான். சில பேருக்கு மட்டும் ஒரு நாளைக்கு நாப்பது மணி நேரம் எப்படித்தான் கிடைக்குதோ.

ஊசி பிறந்த கதையும் வலியில இருந்துதான். 1844-ல டப்ளின் மீத் மருத்துவமனையில பிரான்சிஸ் ரிண்ட், முகத்துல நரம்பு வலியோட வருஷக்கணக்கா தவிச்ச ஒரு பெண்ணுக்கு மார்ஃபின் கரைசலைத் தோலுக்கடியில இறக்கினார். 1853-ல எடின்பரோவுல அலெக்சாண்டர் வுட் சிரிஞ்சால அதையே செஞ்சார், அதுவும் நரம்பு வலிக்குத்தான். வலிக்கிற இடத்துலயே குத்தணும்னு வுட் நம்பினார். எங்க குத்தினாலும் மருந்து ரத்தத்துல கலந்து வேலை செய்யும்னு சொன்னவர் லண்டன் டாக்டர் சார்லஸ் ஹன்டர். ரெண்டு பேருக்கும் பெரிய குடுமிப்பிடி. நெட்ல ஒரு கதை சுத்தும், வுட்டோட மனைவி மார்ஃபின் ஊசிக்கு அடிமையாகி செத்த முதல் ஆள்னு. நம்பாதீங்க. வுட் 1884-ல செத்தார், அந்தம்மா அதுக்கப்புறமும் பல வருஷம் உயிரோட இருந்தாங்க.

இனிமே ஒத்தைத் தலைவலி. இதுல எனக்குப் பிடிச்ச கதை 1925-ல ஜெர்மனியில நடந்தது. ஃபெர்டினாண்ட் ஹுனெக்கேன்னு ஒரு டாக்டர். அவரோட தங்கைக்கோ அக்காவுக்கோ பல வருஷ ஒத்தைத் தலைவலி, எந்த வைத்தியத்துக்கும் அடங்கலை. (ஆங்கிலத்துல எல்லாத்துக்கும் ஒரே 'சிஸ்டர்' போட்டு நம்மளைக் கொல்றாங்க.) அடோஃபனில்னு ஒரு வாத மருந்தை முயற்சி பண்ணலாம்னு, ஒரு நாள் அவங்களுக்கு வலி வந்தப்ப கை நரம்புல ஏத்தினார். ஏத்திக்கிட்டு இருக்கும்போதே வலி போயிடுச்சு, ஏதோ சுவிட்சை அணைச்ச மாதிரி. அப்புறம்தான் கவனிச்சிருக்கார். அந்த மருந்துல ரெண்டு வகை. ஒண்ணு நரம்புல போடுறது. இன்னொண்ணு தசையில போடுறது, குத்துற வலி தெரியாம இருக்க அதுல மட்டும் புரோகெய்ன்கிற மரத்துப்போகிற மருந்து கலந்திருக்கும். இவர் கை மாறி ரெண்டாவதை நரம்புல ஏத்திட்டார்! வேலை செஞ்சது கலப்படமாத்தான் இருக்கணும்னு முடிவு பண்ணி, அவரும் தம்பி வால்டரும் சேர்ந்து 1928-ல கட்டுரை போட்டு, கடைசியில 'நியூரல் தெரபி'ன்னு ஒரு தனி மார்க்கமே ஆரம்பிச்சுட்டாங்க.

என் அபிப்ராயம், அந்த மார்க்கம் ரொம்பத் தூரம் போயிடுச்சு. பழைய தழும்புல ஊசி போட்டா தோள்பட்டை வலி போகும்ங்கிற அளவுக்கு. ஒரு தடவை, ஒரு ஆளுக்கு, அதுவும் கூடப் பிறந்தவளுக்கு நடந்ததை வச்சு சட்டம் போட முடியாது. ஆனா மூல விஷயம் வெறும் கதை இல்லை. 1943-ல ஸ்வீடன்ல நில்ஸ் லோஃப்கிரென் லிக்னோகெய்னைக் கண்டுபிடிச்சார். நம்ம பல் டாக்டர் போடுற அதே ஊசிதான். 1961-ல அறுவை சிகிச்சைக்கு அப்புறம் வர்ற வலிக்கு அதை நரம்பு வழியா ஏத்திப் பார்த்த ஆய்வு வந்தது. இப்ப நாள்பட்ட நரம்பு வலிக்கும், எதுக்கும் மசியாத தலைவலிக்கும் சில பெரிய ஆஸ்பத்திரிகள்ல அதை மெதுவா ட்ரிப்ஸா ஏத்துறாங்க. தேவையில்லாம மணியடிச்சுக்கிட்டே இருக்கிற நரம்புகளோட சோடியம் வாசலை அது அடைக்குது. அளவு தப்பினா இதயத்தோட மணியையும் அடைச்சிடும். அதனாலதான் பக்கத்துல ஈ.சி.ஜி. ஓடிக்கிட்டே இருக்கணும்.

அடுத்தது பூஞ்சைக் கதை. கம்பு மாதிரி ரை-ன்னு ஒரு ஐரோப்பிய தானியம். அதுல எர்காட்ங்கிற பூஞ்சை பிடிக்கும். அந்த மாவுல ரொட்டி சுட்டுச் சாப்பிட்ட கிராமங்கள்ல ஆளுங்களுக்கு ரத்தக்குழாய் சுருங்கி, விரல், கால் எல்லாம் கருகி விழுந்த வரலாறு உண்டு. அந்த விஷத்துல இருந்து 1918-ல சுவிட்சர்லாந்து சாண்டோஸ் கம்பெனியில ஆர்தர் ஸ்டோல் பிரிச்செடுத்ததுதான் எர்காட்டமின். 1938-ல ஜான் கிரஹாம், ஹரால்ட் வுல்ஃப்னு ரெண்டு பேர், வலியில இருக்கிறவங்களோட நெத்திப்பொட்டு ரத்தக்குழாய் துடிப்பைக் கருவியில பதிவு பண்ணிக்கிட்டே எர்காட்டமினை நரம்புல ஏத்தினாங்க. துடிப்பு குறையக் குறைய வலியும் குறைஞ்சது. பார்த்தீங்களா, ரத்தக்குழாய் வீங்குறதுதான் ஒத்தைத் தலைவலின்னு முடிவு கட்டிட்டாங்க. அந்த முடிவு பல பத்து வருஷம் ஆண்டுச்சு.

1943-ல ஸ்டோலும் ஆல்பர்ட் ஹாஃப்மனும் (ஆமா, எல்.எஸ்.டி. ஹாஃப்மனேதான்) அதையே கொஞ்சம் சாதுவாக்கி டைஹைட்ரோஎர்காட்டமின் செஞ்சாங்க. சுருக்கமா டி.எச்.இ. 1945-லயே அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல தலைவலிக்குக் குடுத்துப் பார்த்தாச்சு. ஆனா நான் எழுந்து உட்கார்ந்து படிச்சது 1986 கட்டுரையைத்தான்.

சான் ஃபிரான்சிஸ்கோவுல நீல் ராஸ்கின்னு ஒரு நரம்பியல் டாக்டர். தீராத தலைவலியோட வந்த 55 பேரை ஆஸ்பத்திரியில படுக்க வச்சு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டி.எச்.இ.-யை நரம்புல ஏத்தினார். கூடவே வாந்திக்கு மெட்டோக்ளோப்ரமைடு. 48 மணி நேரத்துல 49 பேருக்குத் தலைவலி போயிடுச்சு. ஒரு தடவை ஏத்திட்டு வீட்டுக்கு அனுப்பாம, திரும்பத் திரும்ப ஏத்தினதுலதான் விஷயம். லாட்டாவோட அந்தம்மா ஞாபகம் வந்தது.

ஆனா என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேற. அந்த நோயாளிகள்ல நிறையப் பேர் தலைவலி மாத்திரைக்கு அடிமையானவங்க. மாத்திரையே தலைவலியைக் குடுக்குமாம்! சாதாரண வலி மாத்திரைன்னா மாசத்துல 15 நாள், கலவை மாத்திரை, எர்காட்டமின் மாதிரின்னா 10 நாள், இப்படி மூணு மாசத்துக்கு மேல போனா, மூளை அதுக்குப் பழகி, மாத்திரை இறங்கும்போதெல்லாம் வலிக்க ஆரம்பிக்கும்.

அன்னிக்கு ராத்திரி எழுந்து போய் பிரிட்ஜ் மேல இருக்கிற டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலி அட்டைகளை எண்ணினேன். ஒரு மாசத்துக்கு இருபதுக்கு மேல. அத்தனையும் யார் வாங்கிட்டு வந்தது? நான்தான். ஆபீஸ் விட்டு வரும்போது மெடிக்கல்ஸ்ல நின்னு, "அண்ணே, அந்த தலைவலி மாத்திரை ஒரு அட்டை"ன்னு, ஏதோ கறிவேப்பிலை வாங்குற மாதிரி. பாசமா செய்யிறோம்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா விறகை எடுத்து எடுத்து அடுப்புல சொருகியிருக்கேன்.

ஆஸ்பத்திரியில போட்ட ட்ரிப்ஸ் நாலாவது நாளே வேலை முடிஞ்சு, வலி திரும்ப வந்ததுக்குக் காரணமும் அப்பதான் புரிஞ்சது. அந்த டாக்டர்கள் யாரும் 'மாசத்துக்கு எத்தனை மாத்திரை போடுறீங்க'ன்னு ஒரு கேள்வி கேக்கலை. நாங்களும் சொல்லலை.

சரி, ரத்தக்குழாயா நரம்பாங்கிற பஞ்சாயத்துக்கு வர்றேன். 1990-ல பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் கூட்டணி, ஒத்தைத் தலைவலி வந்துக்கிட்டு இருக்கிறவங்களோட கழுத்து ரத்தக்குழாய்ல இருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. சி.ஜி.ஆர்.பி.-ன்னு ஒரு சின்னப் புரதம் கூடியிருந்தது. முகத்து நரம்பு கக்குற சமாச்சாரம் அது. டென்மார்க்ல யெஸ் ஓலசன் கோஷ்டி எதிர்த்திசையில போச்சு. வலியைப் போக்க ட்ரிப்ஸ் ஏத்தாம, வலியை வரவைக்க ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. நிஜமாங்க! நைட்ரோகிளிசரின், டைனமைட் ஃபேக்டரி தொழிலாளிகளுக்குத் தலைவலி குடுத்த அதே சரக்கு, அதை ஏத்திப் பார்த்தாங்க. 2002-ல ஒத்தைத் தலைவலிக்காரங்க சில பேருக்கு சி.ஜி.ஆர்.பி.-யையே நரம்புல ஏத்தினாங்க. வலி வந்தது. வரும்னு தெரிஞ்சும் கையை நீட்டின அந்த ஆளுங்களுக்கு ஒரு கும்பிடு. நாப்பது மணி நேரம் வலிச்ச ஒரு தலையைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் சொல்றேன்.

அதுக்கப்புறம் வழி தெளிவாயிடுச்சு. அந்தப் புரதத்தைப் பிடிச்சுக் கட்டிப்போடுற மருந்துகள் வந்தன. அதுல எப்டினெசுமாப் மட்டும் நரம்பு வழியா ஏத்துறது. 2020 பிப்ரவரியில அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம். இது வந்த வலியைத் துரத்தறதுக்கு இல்லை, வர்றதைக் குறைக்கிறதுக்கு. கோட்ஸ்பி, எட்வின்சன், ஓலசன், அவங்களோட மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், நாலு பேருக்கும் 2021-ல மூளை ஆராய்ச்சிக்கான 'பிரெய்ன் பரிசு' குடுத்தாங்க.

கெட்டமினைப் பத்தி ரெண்டு வரி. 1962-ல கால்வின் ஸ்டீவன்ஸ் தயாரிச்சது, 1964-ல மனுஷங்களுக்கு, அதாவது மிச்சிகன் சிறைக்கைதிகளுக்கு, முதல்ல குடுத்தது. மயக்க மருந்து. குறைஞ்ச அளவுல ஏத்தினா, வலியைப் பெருசாக்கிக் காட்டுற தண்டுவட ஸ்பீக்கரோட சத்தத்தைக் குறைக்கும்ங்கிறது கணக்கு. 2018-ல அமெரிக்க வலி மருத்துவ சங்கங்கள் சேர்ந்து வழிமுறை போட்டாங்க, ஆனா பல வலிகளுக்கு ஆதாரம் பலவீனம்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. கைதிகளை வச்சு சோதிச்ச பகுதி எனக்கு ஜீரணிக்கலை, அதனால இதோட நிறுத்திக்கிறேன்.

இதெல்லாம் எதுக்குப் படிச்சேன்னா, எங்க ஏரியாவுல ஒரு கிளினிக்ல 'மைக்ரேன் ட்ரிப்ஸ் பேக்கேஜ்'னு ஒண்ணு சொன்னாங்க. ஆறு தடவை, விட்டமின், மெக்னீசியம் எல்லாம் கலந்து. விலையைக் கேட்டா எனக்கே ஒத்தைத் தலைவலி வந்துடும். இதுக்கும் பூர்வீகம் இருக்கு. பால்டிமோர்ல ஜான் மையர்ஸ்னு ஒரு டாக்டர், 1984-ல இறந்தவர், பல வியாதிகளுக்கு இப்படி ஒரு கலவையை ஏத்திக்கிட்டு இருந்தார். அவரோட நோயாளிகளைப் பார்த்துக்கிட்ட ஆலன் காபி 2002-ல அதைக் கட்டுரையா எழுதி 'மையர்ஸ் காக்டெய்ல்' ஆக்கினார். மெக்னீசியத்துக்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 1995-ல நியூயார்க்ல 40 பேருக்கு ஒரு கிராம் ஏத்தி, ரத்தத்துல மெக்னீசியம் கம்மியா இருந்தவங்களுக்கு நல்லா கேட்டதுன்னு எழுதினாங்க. பின்னாடி வந்த ஆய்வுகள் ஆமான்னும் சொல்லுது, இல்லைன்னும் சொல்லுது. மத்த விட்டமின் எல்லாம் என் பார்வையில மஞ்சக் கலர் தண்ணி.

2016-ல அமெரிக்கத் தலைவலி சங்கம், அவசரத்துக்கு வர்ற ஒத்தைத் தலைவலிக்கு ஊசி வழியா எதைக் குடுக்கலாம்னு பட்டியல் போட்டது. மேல இருக்கிறது என்ன தெரியுமா? மெட்டோக்ளோப்ரமைடு. தங்கமணிக்கு அன்னிக்கு ஏத்தின அதே மலிவான வாந்தி மருந்து! வாந்திக்குன்னு நாம நெனச்சது, வலியையும் சேர்த்துத்தான் அடக்கியிருக்கு. தவிர்க்கச் சொன்ன இடத்துல இருந்தது மார்ஃபின். எந்த மருந்துக்காக ஊசியே பிறந்ததோ, அது.

பேக்கேஜுக்குப் போகலை. ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். மாத்திரையைச் சுத்தமா நிறுத்தச் சொன்னார். மொத ரெண்டு வாரம் நரகம். அதுல ஒரு நாள் அவளே, "ஏங்க, ஒண்ணே ஒண்ணு"ன்னு கையப் பிடிச்சுக் கேட்டா. நான் டப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்து வச்சிருந்தேன். அந்த ராத்திரியை எழுத வேண்டாம். ஆறாவது வாரம் அடங்க ஆரம்பிச்சது. தடுப்பு மாத்திரை ஒண்ணு ஓடுது. இப்ப மாசத்துக்கு ரெண்டு, சில மாசம் மூணு. காலண்டர்ல சிவப்புப் பேனாவால வட்டம் போட்டு வைக்கிறோம்.

இதை டைப் பண்ணிட்டு அவகிட்ட படிச்சுக் காமிச்சேன். டி.எச்.இ., சி.ஜி.ஆர்.பி. எதுவும் மண்டையில ஏறலை. "அந்த நாய் என்னங்க ஆச்சு?"ன்னு கேட்டா.

சொன்னேன். ஊரெல்லாம் பேர் பரவி, அப்புறம் யாரோ திருடிட்டுப் போயிட்டாங்கன்னு பாயில் எழுதியிருக்கார்.

"நல்லவேளை"ன்னா.